கொடிநாள் மாதம், சேலம்

டிசம்பர் 2

ஏற்காடு மலையிலுள்ள நாகலூர் போய்விட்டு வந்தேன். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் முதுகு நன்றாகவே வலிக்கிறது, ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. நான் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸில் (தரைப்படையின் பொறியாளர் பிரிவு) என்னைவிடப் பல வருஷம் மூத்தவர் ஒருவர் ஆடி மாதம் தவறிவிட்டார். அன்றிலிருந்து அவர் பென்ஷன் நின்றுவிட்டது, மனைவிக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் இன்னும் தொடங்கவில்லை. படையிலிருந்து விடுபடும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் அந்த அம்மாவுக்கு ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். பாங்கில் "ரெக்கார்ட்ஸில் கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் பெங்களூர் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு மலை மேலிருந்து யார் போவது?

"தம்பி, அவரு இருந்தப்ப இந்தப் பெட்டியை நான் தொட்டதே இல்ல" என்றார் அந்த அம்மா. தகரப் பெட்டிக்குள் பிபிஓ என்ற பென்ஷன் உத்தரவு, மெடல்கள், மருத்துவத்துக்கான இசிஎச்எஸ் கார்டு எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கின்றன. கல்யாணத்தைச் சர்வீஸ் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் வெளியாகியிருக்கிறது, பெயர்தான் தப்பாக ஏறியிருக்கிறது. அந்த மட்டுக்கும் நல்லது, ஆர்டரே இல்லாத வீடுகளில் இன்னும் அலைச்சல்.

டிசம்பர் 4

கடற்படை நாள். முப்படையிலும் இருந்த பழைய ஆட்கள் அஸ்தம்பட்டியில் டீ குடிக்கக் கூடினோம். 1971 பாகிஸ்தான் போரில் இதே தேதியில் நிபாத், நிர்காட், வீர் என்ற மூன்று சிறிய ஏவுகணைப் படகுகள் கராச்சி வரை போய் அடித்ததை நேவிக்காரர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார், நாங்களும் ஒவ்வொரு வருஷமும் கேட்போம். அப்புறம் சல்யூட் பேச்சு வந்தது. தரைப்படையில் உள்ளங்கை முன்னால் தெரியும், கடற்படையில் கீழே பார்க்கும், விமானப்படை 2006-லிருந்து 45 டிகிரி சாய்வு. தார்க் கயிறு பிடித்த கை அழுக்கு தெரியக்கூடாது என்றுதான் கீழே வைத்தார்கள் என்று கப்பலில் சொல்வார்களாம். பேரன்மார் முன்னால் மூவரும் மூன்று விதமாகச் செய்து காட்டியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டிசம்பர் 7

கொடிநாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம், முப்படைக்கும் ஒவ்வொரு நிறம். 1949-லிருந்து நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காசு கொடுத்துச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள், அந்தக் காசு எங்கே போகிறது என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. போரில் இறந்தவர்களின் மனைவிமார், கை கால் இழந்தவர்கள், ஓய்வு பெற்ற வீரர்களின் குடும்பங்கள், இவர்களுக்குத்தான். ஆசிரியர்கள் இரண்டு நிமிஷம் ஒதுக்கிச் சொன்னால் போதும், வாங்குகிற பிள்ளைக்கே பெருமையாக இருக்கும்.

டிசம்பர் 9

அந்த அம்மாவையும் அவர் மகனையும் கூட்டிக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போனோம். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி அபிடவிட், இறப்புச் சான்றிதழ், ஆதார், பாங்க் பாஸ்புக், டிஸ்சார்ஜ் புக் நகல். அலுவலகத்தில் மேலொப்பம் போட்டு ரெக்கார்ட்ஸுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பெயர் திருத்தம் ஆனால்தான் பென்ஷன் வழங்கும் ஸ்பார்ஷ் இணையதளத்தில் பணம் நகரும். சிறப்பு அந்தஸ்து எதுவும் இல்லாத சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான், அதற்கே இத்தனை தாள்.

டிசம்பர் 16

விஜய் திவஸ், 1971 போரில் வென்ற நாள். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் அந்தப் போரில் பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தவர் என்று மகன் இன்றைக்குத்தான் சொன்னான். கண்ணிவெடி வயலில் எங்கள் சாப்பர்கள் இருட்டில் குனிந்து குனிந்து டாங்குகளுக்கு வழி திறந்த இடம் அது. டாங்குகளின் கதை எல்லோருக்கும் தெரியும், வழி திறந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் மகனிடம் அப்பா சொன்னதெல்லாம் நினைவிருக்கும்போதே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மலையில் இன்னும் யார் வீட்டிலாவது டிஸ்சார்ஜ் புக் இருந்தால், வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போதே மனைவி பெயரையும் பிள்ளைகளின் பிறந்த தேதியையும் ஆதாரோடு வைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். பொங்கலுக்குள் செம்மநத்தம், மஞ்சக்குட்டை பக்கம் வருகிறேன்.