என் கண்ணுக்கு வான் இல்லை

வாசிக்கக் கண்ணாடி எடுக்கத்தான் அன்றைக்குப் போனேன். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள். 47 வயதில் உரப்பையில் உள்ள எழுத்து மங்கினால் வேறு என்ன நினைப்பது? கண்ணாடிக் கடையில் சோதித்த பிள்ளை கண் அழுத்தத்தை அளந்தார். முகம் மாறி, திரும்பவும் அளந்தார். வலது 34, இடது 31.

"ஐயா, இது 21க்குள்ள இருக்கவேணும். கண்ணாடி பிறகு பாப்பம், முதல்ல கண் கிளினிக்குக்குப் போங்கோ" என்று துண்டு எழுதித் தந்தார்.

நோவு இல்லை, சிவப்பு இல்லை. மனைவி துரத்தாவிட்டால் போயிருக்கவும் மாட்டேன். மாங்குளத்துக்கு வந்து ஏ9இல் யாழ்ப்பாண பஸ் பிடித்து, நம்பர் எடுத்துக் குந்தியிருந்ததை எல்லாம் விட்டுவிடுகிறேன். வாங்கில் இருந்த எல்லோருக்கும் அதே கதைதான்.

டொக்டர் முதலில் மஞ்சள் மருந்து விட்டு நீல வெளிச்சத்தில் அழுத்தம் பார்த்தார். பிறகு கண்ணை விறைக்கப் பண்ணி, பசை பூசிய சின்ன வில்லை ஒன்றைக் கருவிழிக்கு மேலேயே வைத்தார். அதற்குள் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று இருக்கிறதாம். கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் இடத்துக்கு உள்ளே இருக்கும் மூலையை நேரே பார்க்க முடியாது, அந்தக் கண்ணாடியில்தான் தெரியும். வில்லையைச் சுழற்றச் சுழற்ற, குளிர்ந்த பசை கன்னத்தால் வழிந்து சேர்ட்டில் சொட்டியது.

"கோணம் நல்லாத் திறந்துதான் இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷம். அவருக்கு இல்லை. "ஐயா, கடிக்கு ஏதும் மருந்து விடுறனீங்களோ?"

விடுகிறேன்தான். இரண்டு வருடத்துக்கு முன் சூடடித்த தூசியில் கண் கடித்தபோது ஒரு கிழமைக்கு எழுதித் தந்த சொட்டு மருந்து. அருமையான மருந்து, விட்ட உடனே சுகம். பிறகு வெறும் போத்தலைக் காட்டி ஒரு பாமசியில் துண்டில்லாமலே வாங்கினேன். இந்தக் காலபோக அறுவடையிலிருந்து ஐந்து மாதமாக நாளுக்கு மூன்று தரம் விட்டிருக்கிறேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டெக்ஸாமெதசோன். ஸ்டீரொயிட்.

"இதுதான் உங்கட வடிகாலை அடைச்சிருக்கு" என்றார்.

"கண்ணீர் நல்லா வருதே டொக்டர்?"

சிரித்தார். கண்ணீர் வெளியே. இது கண்ணுக்குள்ளே ஊறும் வேறு தண்ணீர். நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலீற்றர்தான். போத்தலிலிருந்து விழும் ஒரு சொட்டளவு ஊறவே கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அது கண்மணியால் முன்னுக்கு வந்து, அந்த மூலையில் உள்ள ட்ரபெகுலர் மெஷ்வேர்க் என்ற இழைவலைக்குள்ளால் வடிந்து, ஷ்லெம் கால்வாயில் விழுந்து, இரத்தத்தோடு சேருகிறது. வலையின் கடைசிப் படை, கால்வாயை ஒட்டிய மெல்லிய படை, அதுதான் இறுக்கமான இடம். ஸ்டீரொயிட்டைத் தொடர்ந்து விட்டால் சிலருக்கு அங்கே கழிவு சேர்ந்து, இழை தடித்துப் போகும்.

"அப்ப குளத்துத் துருசுக் கதவு திறந்திருக்க, உள்ளுக்குச் சல்வீனியாக் களை அடைச்ச மாதிரி?"

"அதேதான். ஆனா குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி வானால பாயும். கண்ணுக்கு வான் இல்லை ஐயா. அழுத்தம் பின்னுக்கு இருக்கிற பார்வை நரம்பைத்தான் அமத்தும்."

நரம்பு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கத்தான் அடுத்த சோதனை. வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் நாடியை வைத்து, நடுப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தவேண்டும். வலது கண்ணில் பார்க்கும்போது கனநேரம் ஒன்றுமே வரவில்லை. மெசின் பழுதோ என்று நினைத்தேன். வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. தாளில் மூக்குப் பக்கம் மேல் மூலை கறுப்பு. இடது கண் அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்ததால் மோட்டார்சைக்கிள் ஓடியும் நான் அறியவில்லை. போன பார்வை திரும்பாது என்று மறைக்காமல் சொன்னார்.

ஸ்டீரொயிட் அன்றோடு நின்றது. காலையும் பின்னேரமும் டிமோலோல். அது ஊறும் தண்ணீரைக் குறைக்கும். தொய்வு, முட்டு இருக்கா என்று இரண்டு தரம் கேட்டுத்தான் எழுதினார். இரவில் லட்டானோப்ரொஸ்ட். வலையைத் தவிர்த்து வேறொரு சின்னக் கசிவு வழியும் கண்ணில் உண்டாம், அதை இந்த மருந்து பெருப்பிக்கும். இரண்டும் வலையைத் துப்புரவாக்காது. ஸ்டீரொயிட் நின்றால் வலை தானாகத் தேறும் என்ற நம்பிக்கை, அவ்வளவுதான். மருந்து விட்டதும் மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் விரலால் அமத்திப் பிடிக்கச் சொன்னார், தொண்டைக்குப் போகாமலிருக்க. உடைக்காத இரவு மருந்து பிரிட்ஜில்தான். எங்கள் வெயிலுக்கு உடைத்ததையும் அங்கேயே வைக்கிறேன்.

ஒரு மாதத்தில் 23. மூன்றாம் மாதம் 17. கறுப்பு மூலை அப்படியேதான் இருக்கிறது, பெருக்கவில்லை.

கொப்பியில் திகதி போடும்போது, "கூடப்பிறந்த ஆக்களையும் ஒருக்கா காட்டச் சொல்லுங்கோ" என்றார். தம்பி அறுவடை மெசின் ஓடுகிறவன், தூசி அவனுக்குத்தான் கூட. போன கிழமை கூட்டிக்கொண்டு போனேன். 28. வயலில் அவனும் என் போத்தலில்தான் விட்டவன்.