ஈறுக்குள் ஏழு மில்லி

பல் விளக்கித் துப்பும்போது வாஷ்பேசினில் ஒரு சிவப்புக் கோடு ஓடுவதைக் குறைந்தது மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி கிடையாது. வலி இல்லாததால் அதை நோய் என்றே நினைக்கவில்லை. அழுத்தித் தேய்ப்பதால்தான் ரத்தம் வருகிறது என்று நானாகவே முடிவு செய்து, ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டேன். நோய்க்கு நானே தீனி போட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு வயது 47. திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். முதலில் கண்டுபிடித்தது மனைவிதான். "ஏங்க, எத்தனை தடவை வாய் கொப்பளிச்சாலும் ஒரு வாடை அடிக்குதுங்க" என்றாள். ஏலக்காய் மென்று சமாளித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பைக் கடித்தபோது மேல் வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று லேசாக ஆடியது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். பதினைந்து நிமிடத்தில் 'க்ளீனிங்' முடிந்தது, 800 ரூபாய். நாக்கால் தடவினால் பல் வழவழவென்று இருந்தது. ஒரு மாதம் ரத்தமும் இல்லை. இரண்டாவது மாதம் அதே சிவப்புக் கோடு திரும்ப வந்தது. அங்கே ஈறுக்கு மேலே பல்லில் இறுகிப் படிந்து தெரிந்த காரையை மட்டும் எடுத்திருக்கிறார்கள். உள்ளே எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்க வேண்டும் என்பது எனக்கும் அப்போது தெரியாது.

மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஈறு வைத்தியத்துக்கென்றே மேற்படிப்பு படித்த டாக்டர்கள் தனியாக உண்டு என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார். அந்த டாக்டர் அம்மா என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். வாயைத் திறக்கச் சொல்லி, நுனியில் கறுப்புக் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கினார். இறக்கி இறக்கி எண்களைச் சொல்ல, பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொண்டே வந்தார். "மூணு, ரெண்டு, மூணு. மூணு, அஞ்சு, ஆறு, ரத்தம். ஏழு, ரத்தம்." ஒரு பல்லுக்கு ஆறு இடம். எனக்கு 28 பல். 168 எண்களையும் மல்லாந்து படுத்தபடி கேட்டேன்.

அத்தனையும் மில்லிமீட்டர். மூன்று வரை இருந்தால் பரவாயில்லை, நான்கைத் தொட்டால் அந்த இடத்தில் ஈறு பல்லைவிட்டு விலகிப் பை மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். நாள் முழுக்க மில்லியில் வியாபாரம் செய்கிறவன் நான். எட்டு மில்லி கம்பியின் தடிமன் என் விரலுக்குத் தெரியும். ஏறக்குறைய அந்த அளவுக்கு என் ஈறுக்குள் பள்ளம் இருக்கிறது என்றதும் வாயை மூடி உட்கார்ந்துவிட்டேன். ஆடிய பல்லில் ஒன்பது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். பல்லில் படியும் அழுக்குப் படலம் வெறும் சோற்றுத் துணுக்கு இல்லை, கிருமிகள் கூடிக் குடியிருக்கும் படலம். தினமும் துடைத்து எடுக்காவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகிக் காரை ஆகிவிடும். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஹீட்டர் காயில் என்ன ஆகுமோ அதேதான். ஈறு வீங்கி ரத்தம் வருவது முதல் கட்டம். அதோடு பிடித்துவிட்டால் முழுசாகச் சரியாகும். விட்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைய ஆரம்பிக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. நான் இரண்டாவது கட்டத்தில் நன்றாகவே உள்ளே போயிருந்தேன். பழைய ஆட்கள் பயோரியா என்பார்களே, அதுதான்.

"பீடி, சிகரெட் உண்டா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதுவரைக்கும் நல்லது. புகை பிடிக்கிறவங்களுக்கு ரத்தமே அவ்வளவா வராது, அதனாலேயே இன்னும் லேட்டா வருவாங்க" என்றார். அப்புறம் எதிர்பார்க்காத ஒன்று சொன்னார்: "சுகர் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க." எனக்குச் சர்க்கரை எல்லாம் இல்லை என்று வாதாடினேன். மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்டில் 8.9 வந்தது. 6.5ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். பல்லைக் காட்டப் போய்ச் சர்க்கரையோடு திரும்பிய ஆள் எங்கள் கடைத்தெருவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டும் ஒன்றையொன்று கிளறிவிடுமாம். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு ஆறாது, ஈறில் புண் இருந்தால் சர்க்கரை ஏறும். பொது மருத்துவரிடம் மாத்திரை தொடங்கிய பிறகுதான் பல் வேலை ஆரம்பித்தது.

வாயை நான்காகப் பிரித்து, வாரம் ஒரு பகுதி. ஒரு பகுதிக்கு 1,500 ரூபாய். மரத்துப்போக ஊசி போட்டு, முதலில் தண்ணீர் பீய்ச்சும் மெஷின், பிறகு வளைந்த முனை கொண்ட கைக்கருவி. வலி இல்லை, ஆனால் வேரைச் சுரண்டும் கரகரப்பு தாடை எலும்பு வழியாக நேராகக் காதுக்குள் கேட்டது. துப்பிய தட்டில் கறுப்பாகச் சின்னச் சின்னத் துகள்கள். ஈறுக்கு மேலே உள்ள காரை மஞ்சளாக இருக்கும், உள்ளே இருப்பது கறுப்பு. முதல் நாள் மரத்த உதட்டோடு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்து, பாதி டீயைச் சட்டைக்குக் கொடுத்தேன்.

ஆடிய பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. கையில் கொடுத்தார்கள். வேரின் நுனிவரை கறுப்புக் காரை ஒட்டியிருந்தது.

வாய் கொப்பளிக்க இரண்டு வாரத்துக்கு குளோர்ஹெக்சிடின். பேஸ்ட் போட்டுத் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் அதைக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்ட் அதன் வேலையைக் கெடுத்துவிடும். அந்த இரண்டு வாரமும் ரசத்தில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. டீ குடிக்கிற பழக்கத்தால் பல் ஓரமெல்லாம் பழுப்புக் கறை வேறு. அது பிறகு தேய்த்து எடுத்தால் போய்விடும். நல்லது என்று மாதக்கணக்கில் வைத்துக் கொப்பளிக்காதீர்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கடம் இனிமேல்தான். வீக்கம் வற்றியதும் ஈறு இறங்கியது. பல்லெல்லாம் நீளமாகிவிட்ட மாதிரி, நடுவில் முக்கோண முக்கோணமாகச் சந்து. பச்சைத் தண்ணீர் பட்டாலே கூச்சம். என்னைப் பெற்ற அம்மா என்னைப் பார்த்து, "அப்பவே சொன்னேன்ல, பல்லைச் சுரண்டினா இடைவெளி விழும், ஆட்டங் கண்டுரும்னு" என்றார். நானும் இரண்டு நாள் ஏமாந்துவிட்டதாகவே நினைத்தேன். போன் போட்டுக் கேட்டதற்கு டாக்டர் சொன்னார்: அந்தச் சந்து நோய் உண்டாக்கியது, இத்தனை நாள் காரையும் வீங்கிய ஈறும் அதை அடைத்து வைத்திருந்தன. கூச்சம் ஒன்றரை மாதத்தில் பெரும்பாலும் போய்விட்டது. சந்து போகவில்லை, போகவும் போகாது.

இப்போது அந்தச் சந்துக்கென்றே குட்டி பிரஷ் வைத்திருக்கிறேன், பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் பேரக்குழந்தை மாதிரி இருக்கும். ராத்திரி தவறாமல் ஐந்து நிமிடம். பெரிய பிரஷ்ஷையும் மாற்றியாயிற்று. முன்பு 'ஹார்டு' என்று போட்டிருந்தால்தான் வாங்குவேன். இப்போது மிருதுவானது, அதை ஈறு ஓரமாக 45 டிகிரி சாய்த்து வைத்துச் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். முதல் பத்து நாள் சந்து பிரஷ்ஷில் ரத்தம் வந்தது. பழைய புத்தி நிறுத்தச் சொன்னது. நிறுத்தவில்லை. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, வாஷ்பேசின் வெள்ளையாகவே இருந்தது.

எட்டு வாரம் கழித்து மறுபடி அளந்தார்கள். ஆறெல்லாம் நான்காகவும் மூன்றாகவும் வந்திருந்தது. வலது கீழ்க் கடைவாயில் மட்டும் இரண்டு பல் ஏழிலேயே நின்றது. அங்கே ஈறைத் திறந்து, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தையல் போட்டார்கள். ஒரு வாரம் தயிர்சாதம், மறுபக்கமாக மென்று. வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, செலவைத் தவிர: 7,000 ரூபாய். சர்க்கரை 7.4க்கு வந்திருக்கிறது. பெரும்பகுதி மாத்திரையாலும் சோற்றைக் குறைத்ததாலும்தான், ஈறு ஆறியதற்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்கிறார் டாக்டர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் அதே கம்பி, அதே எழுதும் பெண். "ரெண்டு, ரெண்டு, மூணு. மூணு, ரெண்டு, மூணு." கீழ்க் கடைசிப் பல்லின் பின்பக்கம் வந்ததும் "அஞ்சு" என்றார், ஒரு நொடி நிறுத்தி, "ரத்தம் இல்லை" என்றார். அந்த ஐந்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இன்னும் சம்மதிக்கவில்லை.