61-ஆம் நாள் காலை

சைதாப்பேட்டையோ எழும்பூரோ, எந்தக் கோர்ட்டாக இருந்தாலும் குற்றப்பத்திரிகை தாமதமானால் ஜாமீன் கேட்க, கைதானவரின் வீட்டார் குறித்துவைக்க வேண்டியது கைதான தேதியை அல்ல, ரிமாண்ட் ஆன (நீதிபதி காவலில் வைக்க உத்தரவிட்ட) தேதியை. அந்த நாளும் கணக்கில் சேரும். பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 187(3)-இன்படி 60 நாளுக்குள் (மரண தண்டனை, ஆயுள், 10 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 90) குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை, நீதிபதியின் தயவல்ல.

ஆனால் தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 61-ஆம் நாள் (90 நாள் வழக்கென்றால் 91-ஆம் நாள்) கோர்ட் திறந்ததும் மனுவைக் கொடுத்து, நேரத்தோடு பதியச் சொல்லுங்கள். போலீஸ் குற்றப்பத்திரிகையோடு முந்தினால் உரிமை போச்சு. மனு முந்தினால், மாலையில் குற்றப்பத்திரிகை வந்தாலும் பறிக்க முடியாது. சென்னையிலிருந்து போன போதைப்பொருள் வழக்கொன்றில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். உத்தரவு கிடைத்தபின் ஜாமீன்தாரரைக் கெடுவுக்குள் நிறுத்துங்கள். தவறினால் வென்றதும் வீண்.