மாடிப்படி இல்லாத வீடுகளில் மூட்டு ஆய்வு

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஓராண்டு, இரண்டாண்டு, ஐந்தாண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று வீடு தேடிப் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. படித்தது பிசியோதெரபி. ஒரு மருத்துவமனையின் எலும்பியல் பிரிவு நடத்தும் ஆய்வில் களப்பணிக்குச் சேர்ந்தேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று வடகடல் ஓரமும், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று தென்கடல் ஓரமும், பாலம் தாண்டினால் பாம்பனும் தங்கச்சிமடமும் என் எல்லை. பையில் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க ஒரு கோணமானி, அளவு நாடா, கேள்வித்தாள் கட்டு.

இந்தக் கரையில் மூட்டு மாற்றியவர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்களா என்று கேட்பவர்கள் உண்டு. முன்பெல்லாம் வசதியானவர்கள் மதுரைக்கோ சென்னைக்கோ போய்ச் செய்துகொண்ட சிகிச்சைதான் இது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வந்ததும் நிலைமை மாறியது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலை போட்டிருந்த கோபால்ட்-குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. இன்று கருவாடு காயப்போடும் வீட்டிலும், கடல்பாசி எடுக்கும் வீட்டிலும், உப்பளத்துக்குப் போகிற வீட்டிலும் மூட்டு மாற்றியவர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் முழங்கால். "ஜவ்வு தேய்ஞ்சிருச்சு, மாத்தியாச்சு" என்பார்கள்.

முழங்காலுக்கு நாங்கள் பயன்படுத்துவது ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண். 1998-இல் இங்கிலாந்தில் வெளிவந்து இப்போது பல நாடுகளில் புழங்குவது. மொத்தம் 12 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஆகக் கூடினால் 48. கடந்த நான்கு வாரத்தில் வலி எப்படி, ராத்திரி தூக்கம் கெட்டதா, நடக்கையில் கால் திடீரென்று விட்டுப்போகிற மாதிரி இருந்ததா என்று நோயாளியின் வாயாலேயே கேட்கிறது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். எக்ஸ்ரேயில் மூட்டு நேராக உட்கார்ந்திருக்கலாம். அந்தக் காலை வைத்துக்கொண்டு வாழ்கிறவர் சொன்னால்தான் மீதி தெரியும். குறிப்பாக ராத்திரி வலிக் கேள்வி எந்த ஊருக்கும் பொருந்தும். அதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "இப்பத்தான்பா தூங்குறேன்" என்று சொன்ன அம்மாக்களை இந்தக் கரை முழுக்கப் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்காகத் தூக்கம் இல்லாதவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சை தூக்கத்தைத் திருப்பித் தருகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மற்ற கேள்விகளுக்கு வருவோம். பாம்பன் சின்னப்பாலத்தில் ஒரு பெரியம்மா. அந்தப் பகுதிப் பெண்கள் பலரையும் போலக் கடலில் இறங்கிப் பாசி எடுத்தவர். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, பாறை மேல் காலூன்றி முங்கி எடுக்கிற வேலை. வலது முழங்கால் மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்போது நாற்காலியை விட்டு எழுவது எவ்வளவு வலிக்கிறது என்பது ஒரு கேள்வி. "தரையிலதானய்யா சாப்பிடுறோம்" என்றார். ஒரு மாடி இறங்க முடிகிறதா? அவர் வீடும் சுற்றி உள்ள வீடுகளும் தரைமட்டம். மாடிப்படி ஏறி இறங்கும் தேவையே அவருக்கு இல்லை. வீட்டுச் சாமான்களைத் தனியாகக் கடைக்குப் போய் வாங்கி வர முடிகிறதா? அது எப்போதுமே மகன் வேலை. மூன்று கேள்விகள் போச்சு.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. 12-இல் ஒன்றோ இரண்டோ விடுபட்டால், மற்ற விடைகளின் சராசரியைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்பது விதி. மூன்று விடுபட்டால் மதிப்பெண் போட முடியாது. அந்த நபர் கணக்கிலிருந்தே வெளியே போய்விடுவார். அப்படி வெளியே போகிறவர்கள் யார் என்று பாருங்கள். மேசை இல்லாதவர், மாடி இல்லாதவர், கடைக்குப் போகாதவர். டவுனில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு 12-ம் நிரம்பிவிடும். கடைசியில் ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி என்று அட்டவணையில் ஏறுவது டவுனின் சராசரி.

பெரியம்மாவிடம் திரும்புகிறேன். கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு, "தரையில உக்காந்து எந்திரிச்சுக் காட்டுங்க பெரியம்மா" என்றேன். முதலில் சுவரோரம் போய் நிலைப்படியைப் பிடித்தார். மாற்றிய காலை நேராக முன்னே நீட்டிக்கொண்டு, இடது காலை மட்டும் மடக்கி, ஒருக்களித்து இறங்கினார். உட்கார்ந்த பிறகும் வலது கால் நீட்டியபடியேதான் இருந்தது. எழும்போது இடது கை தரையில், வலது கை நிலையில், இடது முழங்காலில் முழு பாரத்தையும் போட்டு, மூச்சைப் பிடித்து ஒரே உந்தில் எழுந்தார். கோணமானி வைத்துப் பார்த்தால் மாற்றிய முழங்கால் 105 டிகிரி மடங்குகிறது. மருத்துவமனைத் தாளில் இது நல்ல எண். ஆனால் குத்தவைத்து உட்கார 130-க்கு மேல் வேண்டும்; சாதாரணமாகப் பொருத்துகிற மூட்டுகள் 110, 120 வரைதான் வரும். இங்கே நான் கவலைப்பட்டது இடது காலைப் பற்றி. தேய்ந்துபோயிருக்கிற, மாற்றாத அந்தக் கால்தான் நாள் முழுக்க அவரைத் தரையிலிருந்து தூக்குகிறது. எந்தக் கேள்வியும் அதைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் தனியாக ஒரு தாள் சேர்த்தோம். தரையில் உட்கார்ந்து எழுவது, குந்துகிற கழிப்பறை, மணலில் நடப்பது, தண்ணீர்க் குடத்தோடு நடப்பது, டவுன் பஸ்ஸின் முதல் படி, வள்ளத்தில் ஏறுவது, முட்டி போடுவது. இந்த விடைகளை ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண்ணோடு கலக்கவில்லை. கலந்தால் வேறு ஊர் ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். அது அதுபாட்டுக்கு இருக்கட்டும், இது இதுபாட்டுக்கு என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

முட்டி போடுவது பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு தாளிலேயே இருக்கிற கேள்வி அது. எந்த நாட்டிலும் மதிப்பெண் குறைவாக வருவது அதற்குத்தான். கீழக்கரையில் தொழுகை, தங்கச்சிமடத்தில் தேவாலயப் பூசை என்று இங்கே அது அன்றாட விஷயம். கீழக்கரையில் ஒரு உம்மா என்னிடம் வலியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சுஜூது, அதாவது முட்டி போட்டு நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது, செய்ய முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தொழ வேண்டியிருக்கிறது என்பதை மட்டுமே சொன்னார். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் மனம் ஆறவில்லை. சுஜூதுக்கு முழங்கால் நன்றாக மடங்க வேண்டும், எல்லாருக்கும் அது வராது. வெறுமனே முட்டி போடுவது வேறு. தோலைக் கீறும்போது சின்ன நரம்பு ஒன்று அறுபடுவதால் தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருக்கும். அங்கே தரை பட்டால் ஒரு மாதிரி இருக்கும். அதோடு, ஊன்றினால் உள்ளே இருப்பது உடைந்துவிடும் என்ற பயம். காயம் நன்றாக ஆறிய பிறகு, டாக்டர் தடை ஏதும் சொல்லாதவர்கள் மெத்தென்ற விரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம். இதை யாராவது உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும், அவ்வளவுதான். பலருக்கு யாரும் சொல்லவில்லை.

மூட்டு மாற்று ஆய்வுகளில் தோல்வி என்று பெரும்பாலும் எண்ணப்படுவது மறு அறுவையைத்தான். சுவீடன் 1975-இல் முழங்காலுக்கும் 1979-இல் இடுப்புக்கும் நாடு தழுவிய பதிவேடு தொடங்கியது. யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள், எப்போது திரும்பத் திறந்தார்கள் என்பது அதில் இருக்கும். இதன் பலன் பெரியது. உலோகத்தின் மேல் உலோகம் உராயும் ஒரு வகை இடுப்பு மூட்டு சீக்கிரமே கெடுகிறது என்பதை ஆஸ்திரேலியப் பதிவேடு கண்டுகொண்டது. 2010-இல் அது உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுகள், 25 ஆண்டு கழித்தும் முழங்காலில் 82 சதவீதமும் இடுப்பில் 58 சதவீதமும் நீடிக்கும் என்று கணக்கிட்டன.

நம் கரையில் இந்த அளவுகோலை மட்டும் நம்பினால் தப்பாகிவிடும். இங்கே வலிக்கிற மூட்டோடு இருக்கிறவர் மறு அறுவைக்குப் போக மாட்டார். பணம் ஒரு காரணம், மதுரை வரை கூட வர ஆள் இல்லாதது இன்னொரு காரணம், "ஒரு தடவை பட்டதே போதும்" என்பது மூன்றாவது. திரும்பத் திறக்காததால் அவர் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். முழங்கால் மாற்றியவர்களில் 10 முதல் 34 சதவீதம் பேருக்கு நீண்ட நாள் வலி இருப்பதாக 2012-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அந்த மனிதர்களை நான் ஆஸ்பத்திரியில் அதிகம் பார்த்ததில்லை, வீட்டில்தான் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் கையைக் கூப்பி, "நல்லா இருக்குங்க சார்" என்றவரே, திண்ணையில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டு, "அவரு அவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணாரு, எப்படிச் சொல்றது தம்பி" என்பார். அந்த மரியாதை எனக்குப் புரிகிறது. ஆனால் அது ஆய்வுக்குள் நுழைந்தால் அடுத்து வருகிற நோயாளிக்குத்தான் நஷ்டம்.

இடுப்பு மூட்டுக் கதை வேறு. மேலை நாடுகளில் வயதானவர்களுக்குத் தேய்மானத்தால் மாற்றுவது அதிகம். நம்மிடம் வாலிப வயது ஆண்கள் நிறைய. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவதால் வருவது. கீழக்கரைப் பக்கம் ஒருவர், நாற்பதுகூட ஆகவில்லை, கேஸ் சீட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று இருந்தது. குடியா, ஸ்டீராய்டா, அடிபட்டதா என்று மூன்று கட்டங்கள். மூன்றிலும் டிக் இல்லை. என்ன தொழில் என்று கேட்டேன். சங்கு குளிக்கிறவர். கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிக்கொண்டு ஆழத்தில் வெகுநேரம் நிற்கிற தொழில். அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும், அவை எலும்புக்கான ரத்த ஓட்டத்தைக் கெடுத்து இடுப்பையும் தோளையும் தாக்கும் என்பது மருத்துவ உலகம் வெகுகாலமாக அறிந்த விஷயம். அவருக்கு அதனால்தான் வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இப்போது எங்கள் தாளில் 'முங்குகிற தொழில் உண்டா' என்று நாலாவது கட்டம் இருக்கிறது.

மறுபரிசோதனைக்கு வராதவர்களைத் தேடிப் போவது பற்றி, "இவ்வளவு மெனக்கெட வேண்டுமா" என்று கேட்கிறார்கள். இடுப்பு மூட்டு மாற்றின் முன்னோடி ஜான் சார்ன்லி தொடை எலும்பின் தலை உட்காரும் குழிக்கு முதலில் டெஃப்லான் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கிண்ணங்களைத்தான் பொருத்தினார். ஆரம்பத்தில் எல்லாரும் வலியில்லாமல் நடந்தார்கள். சில வருஷங்களில் அவை தேய்ந்து, துகள் சேர்ந்து, மூட்டு ஆட்டம் கண்டது. அவர் நோயாளிகளை விடாமல் பார்த்து வந்ததால்தான் அது தெரிந்தது. 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் என்ற வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார். இறந்த பிறகு மூட்டை எடுத்துச் சோதிக்க நோயாளிகளிடம் முன்பே சம்மதமும் கேட்டு வைத்தார். அவர் அவ்வளவு தூரம் போனார். நாம் வாலிநோக்கம் வரை போகக் கூடாதா?

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், டிஸ்சார்ஜ் அன்றைக்கே இரண்டு போன் நம்பர் வாங்க வேண்டும். அதில் ஒன்று கடலுக்குப் போகாதவருடையதாக இருக்க வேண்டும். அறுவைக்கு முன்பே, தரையிலா நாற்காலியிலா, என்ன தொழில், எப்படித் தொழுவது என்று கேட்டு எழுத வேண்டும். பிற்பாடு கேட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போகிறார். அவர்களுடைய தாளில் இந்த ஏழெட்டுக் கேள்வியைச் சேர்த்தாலே போதும், தனியாக ஒரு ஆய்வுக் குழு வேண்டியதில்லை. மீனவ வீடுகளுக்கு நாள் குறிக்கும்போது தடைக்காலத்தைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும். வீட்டில் ஆண்கள் இருப்பார்கள், சிலர் கேரளாவுக்குப் போய்விடுவார்கள். அதனால் தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே போய்விடுவது நல்லது. அடுத்த சுற்றுக்கு அப்படித்தான் பட்டியல் போட்டிருக்கிறேன். போன முறை பிடிக்க முடியாமல் போனவர்கள் வீடுகளுக்கு முதலில், மற்றவர்களுக்கு அப்புறம்.