மூண்டு ஏயும் ஒரு டைனமோவும்

எங்கட பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு கேட்டவை. பிக் மட்ச், பிரின்சிப்பலின்ர பிரம்பு எல்லாம் மற்ற ஆக்கள் எழுதுவினம், அதால நாங்கள் உண்மையில என்னத்துக்குப் படிச்சனாங்கள் எண்டு கொஞ்சம் கதைக்கிறன்.

எங்கட செட் யாழ்ப்பாணத்தில ஏ.எல் (கம்பஸ் போறதுக்கு எடுக்கிற சோதினை) படிச்சது 1990க்குப் பிறகு, சண்டைக் காலம். கறண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை, பெற்றோலுக்குத் தடை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தல் விளக்கில பரடேயின்ர விதியைப் பாடமாக்கினனாங்கள், டயோட்டால ஏசியை டீசி ஆக்கிற படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கீறுவம். ஆனா சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோவைப் போட்டு பீபீசி தமிழோசை கேக்கலாம் எண்டு செய்து காட்டினது எங்கட கிளாசில ஒருத்தரும் இல்லை, சைக்கிள் கடை அண்ணை, எட்டாம் வகுப்போட நிண்டவர். காபரேற்றருக்குள்ள ரெண்டு துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடினதும் அப்பிடியான ஆக்களின்ர கைவேலைதான். நாங்கள் முறை வைச்சுப் பெடல் சுத்தினதோட சரி. வீட்டை வந்து அதே சப்டரைத் திரும்பவும் பாடமாக்குவம், ரெண்டும் ஒரே விசயம் எண்டு ஒருத்தருக்கும் ஓடேல்லை!

படிப்பு எங்களுக்குத் தப்பிப் போற வழி, அதை அப்பிடி ஆக்கினதில அரசியலுக்குப் பெரிய பங்கு இருக்கு. 1956இல சிங்களம் மட்டும் சட்டம் வந்து அரசாங்க உத்தியோகக் கதவு ஒடுங்கிச்சு, மிஞ்சினது டாக்குத்தரும் எஞ்சினியரும், 1971இல தரப்படுத்தல் எண்டு அதிலயும் கை வைச்சாங்கள், மெடிசினுக்குத் தமிழ்ப் பெடியள் 400க்கு 250 எடுக்கவேணும், சிங்களப் பெடியளுக்கு 229 காணும். அந்தக் கோவம் நியாயம். (1974இல வந்த மாவட்டக் கோட்டாவால மன்னார், மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளையளும் உள்ள போனவை எண்டு சொன்னால் எங்கட ஆக்கள் முகத்தைச் சுழிப்பினம், எண்டாலும் அது உண்மை.)

ஆனா எங்கட சொந்தத் தரப்படுத்தல் அதுக்கு முதலே இருந்தது. 1930 அளவில, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையளும் மற்றப் பிள்ளையளோட சமனா வாங்கில இருக்கவேணும் எண்டு அரசாங்கம் சொல்ல, எதிர்த்து நிண்டவை ஆர்? எங்கட ஆக்கள்தான், படிச்ச ஆக்கள். அந்தப் பிள்ளையளைச் சேர்த்த பள்ளிக்கூடங்கள் எரிஞ்சதும் எங்கட மண்ணிலதான். 1981இல யாழ் நூலகத்தில 97,000 புத்தகம் எரிஞ்சதை வருசா வருசம் நினைவுகூருறம், கூரத்தான் வேணும், அந்தப் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு மலரிலயும் ஒரு வரி நான் கண்டதில்லை.

வெளிநாட்டுக்கு வந்தும் அதே ஓட்டம்தான், சனி ஞாயிறு ரியூஷன், பார்ட்டியில ஆற்ற பிள்ளை எந்த யூனிவேர்சிட்டி எண்ட விசாரணை. ஊருக்கு நாங்கள் அனுப்புற பரிசுக் காசும் ஏ.எல்லில மூண்டு பாடத்துக்கும் ஏ எடுத்த பிள்ளைக்குத்தான் போகுது (எங்கட காலத்தில நாலு பாடம், நாலு ஏ), அந்தப் பிள்ளை எப்பிடியும் கம்பஸ் போயிடும். மெடலுக்கு ஒதுக்கிற காசில பாதியை எடுத்து, பள்ளிக்கூடத்தில ஒரு வேர்க்சொப் போட்டு, ஓ.எல் (பதினோராம் வகுப்புச் சோதினை) தவறின பிள்ளையளுக்கும் பின்னேரத்தில திறந்து விடுவம் எண்டு வாற பொதுக்கூட்டத்தில கேக்கப் போறன். பொருளாளர் உறுமுவார். சாப்பாட்டுக்கு மட்டும் வாற ஆக்கள் இந்த முறை கொஞ்சம் வெள்ளனவா வாங்கோ, எனக்கு வோட் வேணும்.