முதல் பை குருதி ஏற்றிய நாள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையில் தாதியாகச் சேர்ந்து எனக்கு இரண்டாவது மாதம். வாகரைப் பக்கமிருந்து வந்த அம்மம்மா ஒருவருக்கு எச்பி (குருதியிலுள்ள ஹீமோகுளோபின் அளவு) 5.8. டொக்டர் இரண்டு பை செங்குழியம் (குருதியின் சிவப்பணுக்கள்) எழுதினார்.

கிராஸ்மட்சுக்கு, அதாவது ஏற்றப்போகும் குருதி அவருக்குப் பொருந்துமா என்று பார்க்கும் சோதனைக்கு, இரத்தம் எடுக்கப் போனேன். ரிக்கற்றில் (நோயாளியின் வாட்டுப் பதிவேட்டில்) இருந்த பெயரைச் சொல்லி, “நீங்கதானே அம்மம்மா?” என்றேன். “ஓம் மனே” என்றார். ஊசியை எடுத்த என் கையை மூத்த தாதி அக்கா பிடித்துக்கொண்டார்.

“பேரை நீ சொல்லாத. அவவையே சொல்ல விடு.”

கேட்டோம். அம்மம்மா சொன்னது வேறு பெயர். எனக்கு நெஞ்சு திக்கென்றது. மகன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டிய பிறகுதான் விளங்கியது: அவர் சொன்னது வீட்டுப் பெயர், ரிக்கற்றில் இருந்தது பதிவுப் பெயர். நம் பக்கத்து வயதானவர்கள் பலருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. மூன்று கட்டில் தள்ளிப் படுத்திருந்தவருக்கோ அந்த வீட்டுப் பெயரேதான் பதிவுப் பெயர்! காது மந்தமான ஒருவர் எதைக் கேட்டாலும் ஓம் என்பார். அந்த ஓமை நம்பி எடுத்த இரத்தம் ஆள் மாறியதாக இருந்தால், குருதி வங்கி எவ்வளவு சரியாகப் பொருத்தினாலும் பிழையான பைதான் வரும். பெயர், வயது, ரிக்கற் இலக்கம் மூன்றையும் பார்த்து, குழாயில் கட்டிலடியிலேயே எழுதினேன்.

பை வந்ததும் அக்காவும் நானும் தனித்தனியாகச் சரிபார்த்தோம். குருதி வகை, பை இலக்கம், காலாவதித் திகதி, கசிவு, நிற மாற்றம். பிறகு மறுபடியும் அம்மம்மாவிடம் பெயர். மகன் பையைத் தொட்டுப் பார்த்து, “ஐஸ் மாதிரி இருக்கு மிஸ், சுடுதண்ணியில கொஞ்சம் வைப்பமா?” என்றார். அக்கறையில்தான் கேட்டார். ஆனால் சுடுநீரில் செங்குழியங்கள் உடைந்துபோகும். 2 முதல் 6 பாகை செல்சியசில் இருந்த பையை வெளியே எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், வெளியே எடுத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வாட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பதும் கூடாது. அந்த லைனில் சாதாரண சேலைன் தவிர வேறெதுவும் போகக்கூடாது.

மெதுவாகத் தொடங்கினேன். முதல் 15 நிமிடம் கட்டிலடியை விட்டு அசையாதே என்றார் அக்கா. பக்கத்துக் கட்டிலில் கூப்பிட்டார்கள், போகவில்லை.

பன்னிரண்டாவது நிமிடம் அம்மம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினார். “குளிருது மனே.” வெளியே சித்திரை வெயில். விரல்கள் நடுங்கின. தொடங்கும்போது 98.4 பாகை பரனைட்டாக இருந்த காய்ச்சல் அளவு 100.8.

உடனே நிறுத்தினேன். செட்டை (குருதி ஏற்றும் குழாயை) மாற்றி, புது செட்டில் சேலைன் போட்டு லைனைத் திறந்தே வைத்தேன். அக்கா டொக்டரை அழைத்தார். இடுப்பு வலி இருக்கிறதா, மூச்சு முட்டுகிறதா, சிறுநீர் கறுத்துப் போகிறதா என்று பார்த்தோம். எதுவும் இல்லை. பையையும் ரிக்கற்றையும் மீண்டும் ஒப்பிட்டோம். அந்த இரண்டு நிமிடமும் என் கை சில்லிட்டிருந்தது. எல்லாம் சரியாகவே இருந்தன. பை, செட், புதிதாக எடுத்த இரத்தம், சிறுநீர் எல்லாம் குருதி வங்கிக்குப் போயின.

செங்குழியம் உடையவில்லை என்று முடிவு வந்தது. அம்மம்மா ஏழு பிள்ளை பெற்றவர். பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது வேற்று வெள்ளணுக்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) உடலில் உருவாவதுண்டு, அதனால் இப்படிக் காய்ச்சல் வரலாம் என்று டொக்டர் விளக்கினார். இந்தப் பக்கத்துத் தாய்மாருக்குக் குருதி ஏற்றும்போது எத்தனை பிள்ளை, முன்பு குருதி ஏற்றியதுண்டா என்று நான் இப்போது கட்டாயம் கேட்கிறேன்.

மறுநாள் வெள்ளணு குறைத்த பை வந்தது. போனதும் அம்மம்மா முந்திக்கொண்டார்: வீட்டுப் பெயர், பதிவுப் பெயர், வயது, மூன்றையும் தானே சொன்னார். மூன்று மணி நேரத்தில் பை முடிந்தது. காய்ச்சல் இல்லை. முடிந்த நேரத்தையும் பை இலக்கத்தையும் ரிக்கற்றில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.