கொழுப்பு எரியாவிட்டால் சர்க்கரை ஏன் விழுகிறது?

கொழுப்பு எரிவதைத் தடுத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும். கேட்டால் நல்ல மருந்தாகத்தான் தோன்றும். நீளக் கொழுப்பு அமிலங்களைச் செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் விடும் வாசல் சிபிடி-1 நொதி. அதை அடைக்கும் எடோமாக்சிர் என்ற மருந்தைச் சர்க்கரை நோய்க்கு முயன்று பார்த்ததும் அதனால்தான். ஆனால் சர்க்கரை எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் ஆசை போய்விடும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு விடியும்வரை சர்க்கரையைத் தாங்குவது ஈரல். சர்க்கரையைச் சேமித்து வைத்த வடிவமான கிளைக்கோஜன் தீரத் தீர, தசை முதலியவற்றிலிருந்து வரும் லாக்டேட், அலனினைப் பைருவேட்டாக்கி, அதிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்யும். இரண்டு பைருவேட்டை ஒரு குளுக்கோஸ் ஆக்க செல்லின் ஆற்றல் நாணயங்களான ஏடிபி 4, ஜிடிபி 2 வேண்டும். பட்டினி நேரத்தில் அந்த ஆற்றல் கொழுப்பிலிருந்தே வருகிறது. கொழுப்பு எரியும்போது கிடைக்கும் அசிட்டைல் கோ-ஏ இல்லாவிட்டால் குளுக்கோஸ் செய்யும் வேலையைத் தொடங்கும் நொதியான பைருவேட் கார்பாக்சிலேஸும் முடங்கும். குளுக்கோஸுக்கு மாற்றாகக் கொழுப்பிலிருந்து கிடைக்கும் எரிபொருளான கீட்டோனும் உண்டாகாது. மூளையும் தசையும் இருக்கிற குளுக்கோஸையே இழுக்கும். வரவு நின்று செலவு ஏறிய வீடு மாதிரி.

பீகாரின் முசாபர்பூரில் லிச்சிப் பருவத்தில் பிள்ளைகள் திடீரென வலிப்பும் மயக்கமும் வந்து விழுந்தார்களே, அங்கே நடந்தது இதுதான். லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசின், எம்சிபிஜி என்ற இரண்டு நச்சுப்பொருள்களும் கொழுப்பு எரிவதைத் தடுப்பவை, பழுக்காத காயில் கூடுதல். 2014-இல் நடந்த ஆய்வில், லிச்சி தின்றுவிட்டு ராத்திரி சோறு உண்ணாத பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்பட்டது தெரிந்தது. ரம்புட்டானும் லிச்சியின் குடும்பம்தான். அதற்காக நம் குமரி மாவட்டக் குலசேகரத்தில் விளையும் ரம்புட்டான்மேல் பழி போட வேண்டாம். பழத்தாலேயே வயிற்றை நிரப்பிவிட்டுப் பிள்ளை அப்படியே தூங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். எழுப்பி நாலு வாய் சோறோ மரச்சீனியோ கொடுங்கள். கொட்டையைக் கடிக்க விடாதீர்கள்.

பிறவியிலேயே கொழுப்பை எரிக்கும் நொதிகளில் குறை உள்ள பிள்ளைகளும் உண்டு. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தால், காலையில் வாந்தி, கண் சொருகல், சர்க்கரை மீட்டரில் 40. வெறும் பட்டினி என்றால் சிறுநீர்ப் பட்டையில் கீட்டோன் நன்றாகக் காட்டும். நிறம் பெரிதாக மாறாவிட்டால் முக்கியமாக இரண்டு சந்தேகம்: கொழுப்பு எரியவில்லை, அல்லது இன்சுலின் கூடிவிட்டது. ரத்தத்தில் கொழுப்பு அமிலம் ஏறியிருந்தால் முதலாவது, குறைந்திருந்தால் இரண்டாவது.

மயங்கிய பிள்ளையின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். அங்கே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி ஏற்றி, பிறகு சொட்டு சொட்டாகத் தொடர்வார்கள். முடிந்தால் அதற்கு முன்பே வடிதாளில் ஒரு துளி ரத்தம், எந்த நொதி குறை என்று காட்டும் அசைல்கார்னிட்டின் பரிசோதனைக்கு. குளுக்ககான் ஊசியை நம்ப முடியாது. எடுத்துக் கொடுக்க ஈரலில் கிளைக்கோஜன் மிச்சமிருக்காது.

தேங்காய் எண்ணெயும் எம்சிடி எனப்படும் நடுத்தர நீளக் கொழுப்பு எண்ணெயும் ஒன்று என்று நினைப்பவர்கள் நம்மூரில் நிறைய. தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்ட 12 கார்பன் லாரிக் அமிலம். சிபிடி-1 வாசல் இல்லாமலே உள்ளே போகக்கூடிய 8, 10 கார்பன் அமிலங்கள் கொஞ்சம்தான். சிபிடி-1 குறைக்கு மருத்துவர் தரும் எம்சிடி எண்ணெய் வேறு சரக்கு. நடுத்தர நீளக் கொழுப்பை உடைக்கும் எம்சிஏடி நொதியில் குறை உள்ள பிள்ளைக்கோ அந்த எம்சிடியே ஆகாது. எந்த நொதி கெட்டது என்று தெரியாமல் கரண்டியை எடுக்காதீர்கள்.